புகையண்ணன் அணைத்த ஃபேன்

விசாரணை அறிக்கை மொத்தம் ஒன்பது பக்கம். எட்டாம் பக்கத்தில் ஒரு வரி: "பணியாளரின் கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம்." அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கவனக்குறைவாம்! வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். அடுப்பு கேஸை மூடிவிட்டாளா என்று பெண்டாட்டிக்கு ஆபீஸிலிருந்து போன் செய்கிறவர். அவருக்கா கவனக்குறைவு? அறிக்கையைச் சுருட்டி இயக்குநர் மேசையில் எறிந்துவிட்டு வரலாம் போல இருந்தது. ஆனால் எறிவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த வரி அப்படி வந்ததற்குக் காரணமே நான்தான். விசாரணையில் நான் ஒரு பொய் சொன்னேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் கை அழுகிப் போகும். ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் அவருக்குப் பெயர் புகையண்ணன். பீடி சிகரெட் எதையும் தொட்டவரில்லை. திரவ நைட்ரஜனை உருளையிலிருந்து தொட்டியில் ஊற்றும்போது வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டம் கிளம்பித் தரையோடு பரவும். அதற்கு நடுவே முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் நிற்பார். "சினிமாவுல கனவுப் பாட்டுக்கு இப்படித்தான் விடுவாங்க. எனக்குத்தான் ஜோடி அமையல" என்பார். ஐம்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, காதில் எப்போதும் ஒரு பென்சில்.

பதினைந்து வருஷம் கடைத்தெருவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். எங்கள் குளிரூட்டும் இயந்திரம் ஒரு நாள் படுத்துவிட்டது. கம்பெனிக்காரன் வருவதற்கு ஒரு மாதம் ஆகும் என்றான். யாரோ கைகாட்டி இவரைக் கூட்டி வந்தார்கள். அரை நாளில் ஓட வைத்துவிட்டார். அன்று உள்ளே வந்தவர்தான், பதினெட்டு வருஷம். கடைத்தெருவில் இருந்த காலத்திலேயே தையல் கடை வைத்திருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். "இஸ்திரிப்பெட்டி சூடாகலன்னு கூப்பிட்டா. போனவன் திரும்பி வரல, அவ்வளவுதான் கதை" என்று அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை அறுத்தெடுப்பார். ஒன்பது வருஷம் கழித்து ஒரு மகள். அவள் பிறந்த பிறகுதான் இந்தப் பூட்டு, கேஸ், சுவிட்சு பயமெல்லாம் வந்ததாம். அண்ணி அப்படிச் சொல்வார்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூரைமேல் கும்பா மாதிரி இருக்கிற ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, வேற்றுக் கிரகத்து ஆட்களோடு பேசுகிறீர்களா என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. மேகத்துக்கும் மேலே, விமானமும் பலூனும் எட்டாத ஐம்பது, அறுபது, எழுபது கிலோமீட்டர் உயரத்திலும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்தாறு பங்கு. அந்த நீராவி ஓயாமல் ஒரு ரேடியோ இரைச்சலை விட்டுக்கொண்டே இருக்கிறது. நம் காதுக்குக் கேட்காது, எங்கள் தொலைநோக்கிக்குக் கேட்கும். எவ்வளவு இரைச்சல் என்று தெரிந்தால் எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த ஈரம் வருஷா வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்பதில் இந்தப் பூமி போகிற போக்கே இருக்கிறது. ஆனால் ஒரே மாதத்து அளவால் ஒன்றும் தெரியாது. இருபது வருஷம், முப்பது வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இரைச்சலை அளக்கவும் ஒரு தராசு வேண்டும், தராசுக்குப் படிக்கல் வேண்டும். எங்களுக்குப் படிக்கல் இரண்டு. ஒன்று, முட்டை அட்டை மாதிரிக் கூம்பு கூம்பாக இருக்கிற கருப்பு ஸ்பாஞ்சு. அது அறையின் சூட்டில் சும்மா இருக்கும். இன்னொன்று, அதே ஸ்பாஞ்சு தெர்மாகோல் தொட்டியில் திரவ நைட்ரஜனில் மூழ்கி, பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் இருக்கும். கருவியின் கண்ணாடி வானத்தைப் பார்க்கும், பிறகு சூட்டைப் பார்க்கும், பிறகு குளிரைப் பார்க்கும். தினமும் காலையில் அந்தக் குளிர்ந்த படிக்கல்லைத் தயார் செய்வதுதான் புகையண்ணன் வேலை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு லிட்டர் திரவம் கொதித்தால் எழுநூறு லிட்டர் வாயுவாக விரியும். ஃபேன் எதற்கென்றால் அதை வெளியே தள்ளத்தான். இல்லாவிட்டால் மூச்சு விட ஆக்சிஜன் மிஞ்சாது.

நான் பக்கத்துக் கட்டடத்தில், கணக்கு அறையில். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, புள்ளிக்காரி. கோட்டை விட்டு ஒரு புள்ளி விலகி நின்றாலும் தூக்கம் வராது எனக்கு, அடுத்தவரையும் விடமாட்டேன். "நம்ம புள்ளிக்காரி கோவிலுக்குப் போனா கோபுரம் ஒரு பக்கம் சாயுதுன்னு சண்டை போட்டுட்டு வருவா" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அதில் ரகசியமாகப் பெருமைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு வர ஆரம்பித்தது. வானத்தில் அப்படி எதுவும் இல்லை, எங்கள் அறைக்குள்ளிருந்துதான் ஏதோ கத்துகிறது. ரேடியோ தொலைநோக்கி இருக்கிற இடத்தில் சின்ன மின்சாதனம்கூடப் பரம எதிரி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். டியூப்லைட்டை அணைத்தேன், இண்டர்காமைப் பிடுங்கினேன், ஊசி போகவில்லை. இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்தேன். சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி, ஆக்சிஜன் குறைந்தால் அலறுகிற அலாரம். அதன் பச்சை விளக்கு சிமிட்டும்போதெல்லாம் ஊசி.

"அண்ணே, அளவெடுக்கிற நேரத்துல மட்டும் இதை வெளிய மாட்டிடுங்க" என்றேன்.

"வெளிய தொங்கினா வெளிக்காத்தைத்தானம்மா அது பாக்கும்? எனக்கு என்ன பிரயோஜனம்?"

"ஃபேன்தான் ஓடுதுல்ல? அப்புறம் என்ன பயம்?"

தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு கதவுக்கு வெளியே ஓர் ஆணி அடித்தார். ஃபேன் ஓடுகிற வரைக்கும் நான் சொன்னது சரிதான். இப்போதும் அதை ஒருவரும் தப்பென்று சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

போன மழைக்காலத்தில் எங்களுக்குச் சனி பிடித்தது. எங்களைப் போலவே வேறு மூன்று நிலையங்களும் அதே ஈரத்தை அளக்கின்றன. நான்கையும் சேர்த்து ஒரே பதிவாக வெளியிட ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்த்ததில் மூன்றும் ஒத்துப்போயின, எங்களுடையது மட்டும் தள்ளாடியது. மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் எங்கள் பதினெட்டு வருஷப் பதிவையே சேர்க்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் குதி குதியென்று குதித்தார். நான் நேராகப் போய் அண்ணனிடம் குதித்தேன்.

காரணம் தெரியாமல் இல்லை. ஃபேன் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளும்போது, கதவிடுக்கு வழியாக மழைக்காற்று உள்ளே வரும். அந்த ஈரம் நேராகத் தொட்டிமேல் போய்ப் பனியாகப் படியும். படிக்கல்லின் மேலேயே அழுக்கு ஏறின மாதிரி. மேலே எழுபது கிலோமீட்டரில் இருக்கிற ஈரத்தை அளக்க உட்கார்ந்தவர்களைக் காலடியில் இருக்கிற ஈரம் கெடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தார். தொட்டிமேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் தினமும் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"என்னண்ணே இது? புள்ளி குடிகாரன் மாதிரி தள்ளாடுது. பதினெட்டு வருஷம் பண்ற வேலை, இன்னமும் சொல்லிக் கொடுக்கணுமா?"

அவர் வயசென்ன, என் வயசென்ன! அவர் முகம் சுருங்கிப்போனது.

இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, ஒண்ணு செஞ்சு பாத்தேன். திட்டக்கூடாது."

"என்ன?"

"அளவெடுக்கிற நேரம் ஃபேனை அணைச்சுட்டேன். கதவையும் சாத்திட்டேன். நைட்ரஜன் ஆவியே ரூமை நிரப்பிடுது பாரு, அதுல துளி ஈரம் கிடையாது. பனியே படியல."

நான் திரையைத் திருப்பிப் பார்த்தேன். கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "அண்ணே! எங்கேயோ போயிட்டீங்க!"

"பத்து நிமிஷம்தான் உள்ள இருந்தேன். லேசாத் தலை கனமா இருந்துச்சு. வெளிய வந்து நின்னேன், சரியாப் போச்சு."

தலை கனமாக இருந்தது என்று அவர் சொன்னார். நான் கேட்டேன். என் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படித்தவள், அந்த எழுநூறு மடங்குக் கணக்கைப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அது எவ்வளவு என்று மனக்கணக்கிலேயே போடத் தெரிந்தவள். அந்த நேரத்தில் எனக்குக் கோடு மட்டும்தான் தெரிந்தது.

"நாளைக்கும் அப்படியே பண்ணுங்க" என்றேன்.

பதினோரு நாள் அப்படியே செய்தார். உள்ளே போய், ஊற்றி, கண்ணாடி சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து மழைச்சாரலில் நின்று மூச்சு வாங்குவார். என் ஜன்னலிலிருந்து தெரியும். காவலாளி ஒருநாள் "என்னண்ணே, வயசாயிடுச்சா?" என்று கேலி செய்ததும், இவர் "உன்னைத் தூக்கிப் போடற அளவுக்குத் தெம்பு இருக்குடா" என்றதும்கூட எனக்குக் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு முதல் அளவு முடிந்தது. பத்து மணிக்கு இண்டர்காமில் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஊற்றி எடுக்கச் சொன்னேன். "இன்னொரு தடவையா?" என்றார். "ஆமாண்ணே." "சரிம்மா." அவ்வளவுதான் பேச்சு. முதல் தடவை ஊற்றியதே அறைக்குள் முழுக்கக் கலைந்திருக்காது. ஃபேன் ஓடியிருந்தால் கலைந்திருக்கும்.

இரண்டாவது அளவு திரையில் வர ஆரம்பித்தது. வானம், சூடு, குளிர். வானம், சூடு, குளிர். கருவி தானாகவே திரும்பும், அதற்கு ஆள் வேண்டாம். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. அறையில் ஆள் நடமாடினால்கூட ஒரு சின்ன அசைவு தெரியும். அன்று அதுவும் இல்லை. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை, படுபாவி.

பதினொரு மணிக்கு இண்டர்காமில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஜன்னலில் பார்த்தேன், சாரலில் யாரும் நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். காவலாளி எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தார். உள்ளிருந்த வாயு வெளியே வந்ததும் ஆணியில் தொங்கிய அலாரம் அலற ஆரம்பித்தது. உள்ளே பாயப் போன என்னைக் காவலாளி முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் காலைப் பிடித்து இழுத்து வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வாக்கில் இருந்தாராம். மூச்சு முட்டாது, இருமல் வராது, பயப்படக்கூட நேரம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் என்ன ஆறுதல்?

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் கேள்வியே அதுதான்.

"ஃபேன் அணைக்கப்படுவது உங்களுக்குத் தெரியுமா?"

முந்தின நாள் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "அவர் போயிட்டார். நீங்க இருக்கீங்க, நிலையம் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க" என்றார். ஆனால் பழியை இயக்குநர்மேல் போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"தெரியாது" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எட்டாம் பக்கத்து வரி வந்தது.

அறிக்கை வந்த வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தையல் கடைக்குப் பின்னால்தான் வீடு. முன்னறையில் தைத்து முடித்த துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய சட்டை ஒன்று, பட்டன் பிய்ந்தது, மெஷின் மேலேயே கிடந்தது. மகள் எட்டாம் வகுப்பு, மூலையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஆபீஸ் பாஷை எனக்குப் புரியல. நீங்கதான் அவரோட தினமும் வேலை செஞ்சவங்க. படிச்சுச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

படித்தேன். எட்டாம் பக்கத்து வரியையும் படித்தேன்.

"கவனக்குறைவா?" என்றார். "அவரா? ஸ்கூல்ல இவகிட்ட கேக்கறாங்களாம், உங்கப்பா தூங்கிட்டாராமே, குடிச்சிருந்தாராமேன்னு. அவரு பயந்த மனுஷங்க. யாரும் சொல்லாம ஒரு சுவிட்சைத் தொட மாட்டாரு. அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"பாக்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே சொல்லத் துணிச்சல் வரவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். அலாரத்தை வெளியே மாட்டச் சொன்னது நான், ஃபேன் அணைப்பது தெரிந்தும் தொடரச் சொன்னது நான், தலை கனத்தது என்று அவர் சொன்னதைக் கேட்டும் பேசாமல் இருந்தது நான், விசாரணையில் பொய் சொன்னது நான்.

இயக்குநர் படித்துவிட்டு வெளுத்துப்போனார். "இதைக் குடுத்தா அந்தப் பன்னிரண்டு நாள் அளவும் விதிமீறல்னு போயிடும். நம்ம பதிவையே தூக்கிடுவாங்க. பதினெட்டு வருஷம்மா! அவரோட உழைப்பும்தானே அதுல இருக்கு?"

"இருக்கு சார். வாங்கிக்கங்க" என்றேன்.

சொன்னபடியே எங்கள் பதிவைக் கூட்டுப் பதிவில் சேர்க்கவில்லை. என்னைக் கணக்கு அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இன்னும் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஆனால் அறிக்கையைத் திருத்தினார்கள். திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு நானே போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். அது கோழைத்தனம் என்று தோன்றியது.

இந்த முறை மகள்தான் வாங்கிப் படித்தாள். நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி, சத்தமாக. "பணியாளர் தரப்பில் எவ்விதக் கவனக்குறைவும் இல்லை. கணக்கு அறை அலுவலர் அறிவுறுத்தியதன் பேரிலேயே மின்விசிறி நிறுத்தப்பட்டு, அளவீடு இரண்டு முறை எடுக்கப்பட்டது." முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்பா இறந்த பிறகு அந்த முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

"கணக்கு அறை அலுவலர்னா யாரு?" என்றார் அண்ணி.

"நான்தான் அண்ணி."

திட்டுவார், அடிப்பார், ஏதாவது செய்யட்டும் என்று நின்றேன். அவர் காகிதத்தை மகளிடமிருந்து வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டு முறைன்னு போட்டிருக்கே. முதல் தடவை சரியா வரலையா?"

விசாரணைக்கு வந்த மூன்று பேரும் இதைக் கேட்கவில்லை. இயக்குநர் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த ஆறு பக்கத்திலும் இது இல்லை.

"வந்துச்சு" என்றேன்.

"அப்புறம் எதுக்கு?"

"நல்லா வந்துச்சு அண்ணி. ரொம்ப நல்லா வந்துச்சு. அதான்... மறுபடியும் ஒரு தடவை பாக்கணும் போல இருந்துச்சு."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், நான் போகிற வரைக்கும்.